லாச்சிக்குள் கிடந்த ஹார்ட் டிஸ்க்கும் வைஃபை பேக்கப்பும்

ஒரு நாள் விடிய லப்டொப்பைத் திறந்தபோது திரையின் மூலையில் சின்னதாக ஒரு அறிவிப்பு வந்து நின்றது: கடைசியாக பேக்கப் எடுத்து 131 நாளாகிவிட்டதாம். பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பேக்கப் எடுப்பதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய ஹார்ட் டிஸ்க் நான் இருக்கும் கதிரையில் இருந்து ஒரு முழம் தள்ளி மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. அதன் வயரும் பக்கத்திலேயே, ரப்பர் பாண்ட் போட்டுச் சுருட்டியபடி. டிஸ்க்கிலும் பழுது இல்லை, வயரிலும் பழுது இல்லை. லாச்சியைத் திறந்து வயரை எடுத்து, ஒரு முனையை டிஸ்க்கிலும் மறு முனையை லப்டொப்பிலும் செருகிவிட்டு, முடியும்வரை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போகாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். அந்த அவ்வளவை நான் 131 நாளாகச் செய்யவில்லை.

வயர் பேக்கப்பின் பிரச்சினை முழுக்க இதுதான் என்பது என் எண்ணம். தொழில்நுட்பம் நல்லது, வேகமும் நல்லது, ஆனால் அது நம் ஞாபகத்தை நம்பி இருக்கிறது. வைஃபை வழியாக எடுக்கும் பேக்கப் அப்படி இல்லை. வீட்டுக்குள் லப்டொப் விழித்திருந்தால் போதும், மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தானாகவே எடுத்துக்கொள்ளும். வேகம் கூடும் என்று நினைத்து மாறப்போகிறீர்கள் என்றால் வேண்டாம், வேகம் நிச்சயம் குறையும். மறதிக்காகத்தான் மாற வேண்டும்.

சரி, முதலில் பேக்கப் என்றால் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நான் எல்லாத்தையும் பென் டிரைவில போட்டு வைச்சிருக்கிறன்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு லப்டொப்பில் அழித்துவிட்டால் அது பேக்கப் இல்லை, இடமாற்றம். இரண்டு இடத்தில் இருந்தால்தான் பேக்கப். நல்ல பேக்கப் இன்னும் ஒரு படி மேலே போய் நேற்றைய கோப்பு, போன கிழமைக் கோப்பு, போன மாதக் கோப்பு என்று பழைய நிலைகளையும் வைத்திருக்கும். மேக்கில் இருக்கும் டைம் மெஷின் (2007இல் வந்தது) கடந்த 24 மணித்தியாலத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தியவற்றில் கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, இடம் முடியும்போது ஆகப் பழையதை அழிக்கும். விண்டோஸில் 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரியும் கிட்டத்தட்ட அதே வேலைதான் செய்கிறது. ஆனால் அது டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், படங்கள் போன்ற உங்கள் சொந்தக் கோப்புறைகளை மட்டும் எடுக்கும். விண்டோஸையே முழுதாக எடுக்காது, இதை மறக்க வேண்டாம்.

இனி வயருக்கும் வைஃபைக்கும் உள்ளே என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். வயரில் செருகிய டிஸ்க் உங்கள் வீட்டு அலுமாரி மாதிரி. திறப்பு உங்கள் கையில், எந்தத் தட்டில் எதை வைப்பது என்று நீங்களே தீர்மானிக்கலாம். கணினி நேரடியாக டிஸ்க்கில் எழுதுகிறது. நெட்வேர்க்கில் இருக்கும் டிஸ்க் சங்கக்கடை மாதிரி. நீங்கள் உள்ளே போக ஏலாது. கவுண்டரில் நின்று கேட்க வேண்டும், உள்ளே நிற்பவர்தான் எடுத்துத் தருவார், கொடுத்ததை வாங்கி வைப்பார். அந்த உள்ளே நிற்பவர் ஒரு சின்னக் கணினி. ரவுட்டராக இருக்கலாம், அல்லது இதற்கென்றே விற்கும் பெட்டியாக இருக்கலாம். கவுண்டரில் இரண்டு பேரும் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர், 1980களில் ஐபிஎம்மில் பிறந்த மொழி, இன்றைக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் அதைப் பேசுகின்றன.

இந்தச் சங்கக்கடைக் கதையை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் முக்கால்வாசிக் குழப்பம் தானாகத் தெளிந்துவிடும். வயரில் செருகும்போது, டிஸ்க் எந்த முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டது என்பது உங்கள் கணினிக்கு முக்கியம். விண்டோஸுக்காகச் செய்த டிஸ்க்கை மேக்கில் செருகினால் வாசிக்கும், எழுதாது. நெட்வேர்க்கில் அந்தக் கவலை உங்கள் கணினிக்கு இல்லை, உள்ளே நிற்பவருக்கு அந்த முறை விளங்கினால் போதும். ஒரே பெட்டியில் மேக்கும் விண்டோஸும் பக்கத்தில் பக்கத்தில் பேக்கப் எடுக்கலாம் என்பதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, மேக் தன் பேக்கப்பைக் கடைக்காரரிடம் சில்லறையாகக் கொடுக்காது. எல்லாவற்றையும் ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டைக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துத்தான் கொடுக்கும். மூட்டையின் கட்டு ஓரிடத்தில் அவிழ்ந்தால் முழு மூட்டையும் போச்சு. இதன் கஷ்டம் எங்கே வரும் என்பதைக் கரண்ட் கட் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

நெட்வேர்க்கில் டிஸ்க்கை வைக்க மூன்று வழி உண்டு. ஆக மலிவானது, கையில் இருக்கும் அதே ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் செருகிவிடுவது. எல்லா ரவுட்டரிலும் துளை இருக்காது, முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இருந்தாலும் அது யூஎஸ்பி 2 துளை என்றால் 500 மில்லி அம்பியர் மின்சாரம்தான் தரும் கணக்கு, யூஎஸ்பி 3 என்றால் 900. சில டிஸ்க்குகளுக்கு 500 காணாது. காதை வைத்துக் கேட்டால் டிக்... டிக்... என்று சுழலத் தொடங்கி நின்று, திரும்பத் தொடங்கி நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள், அப்படியே விட்டால் டிஸ்க் பழுதாகும். இரண்டாவது வழி, டிஸ்க்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கணினியும் ஒன்றாக இருக்கும் நாஸ் என்று சொல்லும் பெட்டி. சினொலொஜி, கியூநாப் என்ற இரண்டு தாய்வான் நிறுவனங்களின் பெட்டிகள்தான் பரவலாகக் கிடைக்கும். விலை கூட, ஆனால் செய்யும் வேலைக்கென்றே செய்த சாமான். மூன்றாவது, வீட்டில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய கணினியை எழுப்பி அதில் ஒரு ஃபோல்டரை ஷெயார் பண்ணிவிடுவது. அது நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் நாள் முழுக்க ஓடினால் மின்சாரப் பில் வரும்போது தெரியும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டைம் மெஷின் எல்லா ரவுட்டர் டிஸ்க்கையும் ஏற்றுக்கொள்ளாது, அதற்கென்று தனி ஆதரவு இருக்க வேண்டும். நாஸ் பெட்டிகளில் அது இருக்கும். நான் நாஸ் வாங்கியதற்கு அதுதான் காரணம், பெருமைக்கு இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பழைய பரீட்சை வினாத்தாள், தான் தயாரித்த பயிற்சித்தாள் என்று எத்தனையோ வருடச் சேகரிப்பை ஸ்கான் பண்ணி ஒரு விண்டோஸ் லப்டொப்பில் வைத்திருக்கிறார், அது ஒன்றே ஒன்று. நான் வைஃபை பேக்கப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"உது வைஃபையால போனா டேட்டா முழுக்க முடிஞ்சு போகுமெல்லோ தம்பி? மாசம் முடியமுதல் திரும்பப் போட வேண்டி வருமே?"

நியாயமான பயம். நம் ஊரில் வைஃபை என்றாலே இன்டர்நெட், இன்டர்நெட் என்றாலே டேட்டா பக்கேஜ். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. வைஃபை என்பது உங்கள் வீட்டு மதிலுக்குள் இருக்கும் பாதை, இன்டர்நெட் என்பது படலைக்கு வெளியே இருக்கும் பெரிய வீதி. லப்டொப்பில் இருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரில் இருந்து அதில் செருகிய டிஸ்க்குக்கும் போகும் எதுவும் படலையைத் தாண்டுவதே இல்லை, ஒரு எம்பி கூடக் கணக்கில் விழாது. வாயால் சொன்னால் அவர் நம்பவில்லை, கணக்கு மாஸ்டர் அல்லவா, நிறுவிக் காட்ட வேண்டும். அவருடையது சிம் போடும் 4ஜி ரவுட்டர். ரவுட்டரை நிறுத்தி, சிம்மை வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, திரும்ப ஆன் பண்ணினேன். டிஸ்க் செருகியபடி இருந்தது. இன்டர்நெட் இல்லை என்று லப்டொப் சொன்னது. அப்படியே ஒரு கோப்புறையைப் பிடித்து டிஸ்க்குக்கு இழுத்துவிட்டேன், பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. மாஸ்டர் திரையைப் பார்த்தார், கையில் இருந்த சிம்மைப் பார்த்தார், "அப்ப சரி" என்றார். (கூகுள் டிரைவ் போன்ற இடங்களுக்கு அனுப்புவது வேறு கதை. அது படலையைத் தாண்டும், டேட்டாவும் முடியும்.)

அடுத்து வேகம். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, இதை விளங்காமல் மாறியவர்கள்தான் இரண்டாம் நாளே கைவிட்டவர்கள். ரவுட்டர் பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும். அது மெகாபிட். நம் கோப்புகளை அளப்பது மெகாபைட்டில், ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆகவே 8ஆல் வகுக்க வேண்டும், 37.5 வரும். அதுவும் கடையில் எழுதிய கணக்கு. சுவர், தூரம், பக்கத்து வீட்டு ரவுட்டர் என்று எல்லாம் கழித்து வீட்டின் பின் அறைக்கு வரும்போது எனக்குக் கிடைத்தது விநாடிக்கு 5 மெகாபைட். என் லப்டொப்பில் இருந்தது 360 ஜிபி. அதாவது 3,60,000 எம்பி. 5ஆல் வகுத்தால் 72,000 விநாடி, சரியாக 20 மணித்தியாலம். பழைய ரவுட்டர்களில் இருக்கும் 100 மெகாபிட் லான் துளையில் (நெட்வேர்க் வயர் செருகும் இடம்) கேபிள் செருகினால் விநாடிக்கு 12 எம்பி அளவில் கிடைக்கும், எட்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. கிகாபிட் லான் என்றால் 100 எம்பியைத் தொடலாம், கணக்குப்படி ஒரு மணித்தியாலம்.

ஆனால் இந்த 20 மணித்தியாலம் ஒரே ஒரு தடவைதான். முதல் பேக்கப்புக்கு மட்டும்தான் எல்லாம் போக வேண்டும். அதற்குப் பிறகு மாறியவை மட்டும் போகும். நான் புத்தகப் பக்கம் வடிவமைக்கும் வேலை செய்பவன், ஒரு மணித்தியாலத்தில் மாறுவது 200 எம்பி இருந்தால் அதிகம். அது பின் அறை வைஃபையில் கூட 40 விநாடி. தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடும்.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றே ஒன்று: வைஃபைக்கு மாறுவதாக இருந்தாலும் முதல் பேக்கப்பை வயரில் எடுங்கள். இந்தத் தடவை வயர் என்பது யூஎஸ்பி வயர் இல்லை, லான் கேபிள். லப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, லான் கேபிளால் இரண்டையும் இணைத்து, வைஃபையை நிறுத்திவிட்டு முதல் பேக்கப்பைத் தொடங்குங்கள். முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையைப் போட்டால், இடம் அதேதான், பாதைதான் வேறு என்பதால் கணினி விட்ட இடத்தில் இருந்து தொடரும். புதிய லப்டொப்புகளில் லான் துளை இருப்பதில்லை, யூஎஸ்பியில் மாட்டும் ஒரு சின்ன அடப்டர் வாங்க வேண்டும். கூடத்தில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே கேபிளை ஓட விட்டு, பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினேன். கணக்குப்படி ஒரு மணித்தியாலம் என்றேன் அல்லவா, முடிந்தது இரவு பதினொன்றுக்கு. டைம் மெஷின் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு வேண்டுமென்றே மெதுவாக ஓடும், சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் மெதுவாகும். கணக்கு வேறு, வீடு வேறு.

செட்டிங்ஸ் பெரிய விஷயம் இல்லை, கெதியாகச் சொல்லிவிடுகிறேன். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், டைம் மெஷின் என்று போய் பேக்கப் டிஸ்க்கைச் சேர்க்கச் சொன்னால் நெட்வேர்க்கில் இருப்பதும் பட்டியலில் தெரியும். விண்டோஸில் பழைய கொன்ட்ரோல் பனலைத் தேடித் திறந்து ஃபைல் ஹிஸ்டரிக்குள் "செலக்ட் டிரைவ்" என்பதை அழுத்தினால் நெட்வேர்க் இடத்தைச் சேர்க்கும் பொத்தான் இருக்கும். இரண்டும் மணிக்கு ஒரு தடவை ஓடும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்கோ கம்பஸுக்கோ போனால்? பயமில்லை, பெட்டி கிடைக்காத நேரத்தில் மாற்றங்களைக் கொஞ்சக் காலத்துக்கு லப்டொப்பிலேயே ஒரு மூலையில் சேர்த்து வைத்து, வீட்டுக்கு வந்ததும் கொடுத்துவிடும்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஒரு இடம்: பழைய யூஎஸ்பி டிஸ்க்கில் இருக்கும் வரலாறு, அதாவது மூன்று வருடத்துப் பழைய நிலைகள், புதிய இடத்துக்குத் தானாக வராது. புதிய இடம் புதிய கணக்கு, இன்றில் இருந்துதான் தொடங்கும். அதனால் பழைய டிஸ்க்கை உடனே ஃபோர்மட் பண்ணி ரவுட்டரில் செருக அவசரப்படாதீர்கள். முடிந்தால் புதிய இடத்துக்கு வேறு டிஸ்க் வாங்குங்கள். டிஸ்க் சேர்க்கும்போது மேக் ஒரு கேள்வி கேட்கும், பழையதை மாற்றவா அல்லது இரண்டையும் வைத்துக்கொள்ளவா என்று. இரண்டையும் என்று சொல்லுங்கள், வயர் டிஸ்க்கைச் செருகும் நாட்களில் அதற்கும் எடுக்கும். விண்டோஸ் ஃபைல் ஹிஸ்டரி ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் ஏற்கும். அளவு கேட்பவர்களுக்கு, கணினியில் இருக்கும் இடத்தின் இரண்டு மடங்காவது பேக்கப்புக்கு வேண்டும். நாஸ் என்றால் டைம் மெஷினுக்கு ஒரு எல்லை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது கிடைக்கும் இடம் முழுவதையும் மெல்ல மெல்ல விழுங்கிவிட்டு மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்யும்.

மாஸ்டர் வீட்டில் இரண்டு சிக்கல் வந்தது, இரண்டும் உங்களுக்கும் வரக்கூடியவை. முதலாவது, லப்டொப் அவர் ரவுட்டரில் இருந்த டிஸ்க்கைத் தொடவே மறுத்தது. (சிம் காட்சிக்குக் கொண்டுபோனது என்னுடைய பழைய லப்டொப், அது எதையும் ஏற்கும் சாது.) காரணம், ரவுட்டர் பேசியது எஸ்எம்பியின் முதலாம் பதிப்பு. 2017 மே மாதத்தில் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை பரவியது அந்த முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியில் இருந்து விண்டோஸ் அதைப் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. "விண்டோஸில் எஸ்எம்பி முதலாம் பதிப்பை ஆன் பண்ணுங்கள், சரியாகிவிடும்" என்று யூரியூப்பில் சொல்வார்கள். செய்யாதீர்கள், கள்ளன் வந்த யன்னலைத் திரும்பத் திறந்து வைப்பது மாதிரி. அதிர்ஷ்டவசமாக அவருடைய ரவுட்டர் செட்டிங்ஸில் இரண்டாம் பதிப்பைத் தெரிவு செய்யும் இடம் இருந்தது, தப்பினோம். இரண்டாவது சிக்கல் ஒரு கிழமை கழித்து வந்தது. எனக்கும் என் வீட்டு நாஸில் இதே வந்தது. கரண்ட் போய் வந்த பிறகு சங்கக்கடையையே காணவில்லை. வீட்டு நெட்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு இலக்கம் கொடுக்கும், 192.168 என்று தொடங்கும் ஐபி. திரும்ப ஆன் ஆகும்போது இலக்கம் மாறக்கூடும். கணினி பழைய இலக்கத்தில் போய்த் தட்டிக்கொண்டு நிற்கும். நாஸுக்கு நிரந்தர இலக்கம் ஒதுக்கும்படி ரவுட்டரில் ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு வராது. மாஸ்டர் வீட்டில் டிஸ்க் ரவுட்டரிலேயே இருப்பதால் அங்கே இலக்கம் மாறவில்லை, ரவுட்டர் எழும்பி வரும்போது டிஸ்க்கை எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தது. கழற்றிச் செருகியதும் வந்துவிட்டது.

கரண்ட் என்று வந்தபடியால் அந்த மூட்டைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வயர் டிஸ்க் லப்டொப் பற்றரியில் ஓடுவது, கரண்ட் போனாலும் அதற்குத் தெரியாது. வைஃபை பேக்கப்பில் லப்டொப் உயிரோடு இருக்கும், ஆனால் கரண்ட் போன அந்த நொடியில் ரவுட்டரும் நாஸும் விழுந்துவிடும், எழுதிக்கொண்டிருந்த எழுத்து பாதியில் நிற்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நாள் மேக் மிகவும் மரியாதையாக, நம்பகத்தன்மையைக் கூட்டுவதற்காகப் புதிய பேக்கப் தொடங்க வேண்டும் என்று ஒரு செய்தி காட்டும். மரியாதையை நீக்கிவிட்டுப் பார்த்தால் அதன் பொருள்: மூட்டை அவிழ்ந்துவிட்டது, பழையது எல்லாம் போச்சு, முதலில் இருந்து தொடங்கு. எனக்கு ஒரு தடவை வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நமக்கு, 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதற்காக இலங்கை முழுக்க இருண்டுபோன நமக்கு, இது எப்போதாவது நடக்கும் விஷயம் என்று சொல்லித் தள்ள ஏலாது. ஆகவே யூபிஎஸ் கட்டாயம். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ், ரவுட்டரும் அதன் முதுகில் செருகிய டிஸ்க்கும் மட்டும் என்றால் சமாளிக்கும், நாஸுக்குக் காணாது. நாஸுக்குக் கணினி யூபிஎஸ் ஒன்று, அதுவும் யூஎஸ்பி வயரால் நாஸோடு பேசக்கூடியது என்றால் நல்லது. பற்றரி முடியப்போகிறது என்று யூபிஎஸ் சொன்னதும் நாஸ் தானே ஒழுங்காகப் படுத்துவிடும். ஐப்பசி இடி மின்னல் நாட்களில் யூபிஎஸ்ஸை நம்பாமல் எல்லா வயரையும் சுவரில் இருந்து கழற்றிவிடுவது இன்றைக்கும் என் அம்மாவின் சட்டம், அதற்கு மேல் பேச்சில்லை.

வீடும் ஒரு காரணி. எங்களுடையது பழைய காலச் சுண்ணாம்புக்கல் வீடு, சுவர் ஒரு முழத்துக்குக் கிட்ட. ரவுட்டர் தரும் இரண்டு அலைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் பயப்படும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் அலையோடும் முட்டுப்படும். என் பின் அறையில் 5 எம்பிதான் என்றது இதனால்தான். நாஸை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ரவுட்டருக்கும் நாஸுக்கும் இடையில் எப்போதும் கேபிள்தான். காற்றில் பறப்பது லப்டொப் மட்டும். பழைய கணினியையும் வைஃபையில் விட்டால் ஒவ்வொரு கோப்பும் லப்டொப்பில் இருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரில் இருந்து அந்தக் கணினிக்கு இன்னொரு தடவை என்று இரண்டு முறை பறக்கும், வேகம் பாதியாகும். அப்புறம் காற்றோட்டம். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் சூடு ஏறும், யன்னலோரம் வைத்தால் சோளகக் காற்றுத் தொடங்கும்போது தூசி ஏறும். என் நாஸ் கூடத்தில் வானொலி இருந்த பழைய முக்காலியில் இருக்கிறது, வருபவர்கள் அதென்ன பெட்டி என்று கேட்பார்கள்.

நம் ஊரில் வைஃபை பாஸ்வேர்ட் ஒழுங்கைக்கே தெரியும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கியிருப்பான், அவன் நண்பனுக்குக் கொடுத்திருப்பான். அதனால் பேக்கப் ஃபோல்டருக்குத் தனியாக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள், மேக் என்றால் தொடங்கும்போதே என்கிரிப்ட் செய்யச் சொல்லுங்கள், அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் வாசிக்க ஏலாதபடி பூட்டச் சொல்லுங்கள். அந்தப் பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், மறந்தால் உங்களுக்கும் திறக்காது.

இப்போது லாச்சிக்குள் இருந்த வயர் டிஸ்க்குக்கு வருவோம். அதை நான் எறியவில்லை. வானாகிரை போன்ற ஒன்று லப்டொப்புக்குள் வந்தால், எப்போதும் இணைந்தே இருக்கும் நெட்வேர்க் ஃபோல்டரையும் அது எட்டிப் பிடித்துப் பூட்டலாம். லாச்சிக்குள் வயர் இல்லாமல் கிடக்கும் டிஸ்க்கை எட்ட ஏலாது. 131 நாளாக என் சோம்பலுக்குச் சாட்சியாகக் கிடந்த அதே டிஸ்க் இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒரு பாதுகாப்பு. பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கடைசியில் சொன்ன அந்த "வேறு இடத்தில்" என்பதற்கு யாழ்ப்பாணத்துக்காரருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. 1981இல் நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்தே போயின. என் வயர் டிஸ்க் இப்போது கோப்பாயில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது லப்டொப்பையும் கொண்டுபோய், அங்கேயே செருகி, சாப்பிட்டு முடியும்வரை ஓட விட்டுவிட்டு வருவேன். அதைச் செய்ய மறப்பதில்லை, அக்காவின் நண்டுக் கறி ஞாபகப்படுத்திவிடும்.

எல்லாம் போட்டு முடித்த பிறகு கட்டாயம் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கோப்பை அழித்துவிட்டு பேக்கப்பில் இருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மாஸ்டர் வீட்டில் இதைச் செய்தபோது, தன் வினாத்தாளில் ஒன்றை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் பழைய மின்சாரப் பில்லின் ஸ்கான் ஒன்றைத் தெரிவு செய்து கொடுத்தார். அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன், ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து முந்திய நாளுக்குப் போய் அதை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். பில்லைத் திறந்து தொகையைச் சரிபார்த்துவிட்டு, "உதைத் திருப்பி எடுத்திருக்கத் தேவையில்லை" என்றார்.

முதல் பேக்கப்புக்கென்று நான் கொண்டுபோன பத்து மீற்றர் லான் கேபிள் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.